மெழுகுவத்தி வெளிச்சத்தில் மூன்று கண் ஓணான்

அம்மா செருப்பை வாசலில் கழற்றினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். சாவித்ரி ஆன்ட்டி வீட்டுக்குள் வலது காலை வைத்தாள். இடது காலை வைக்கவில்லை. அப்படியே நின்றுவிட்டாள்.

வெளியே தூறல். அன்றைக்கு வரமகாலட்சுமி ஹப்பா. பெங்களூரில் கன்னடக்காரர்கள் வீட்டில் அது பெரிய பண்டிகை. அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு மஞ்சள், குங்குமம், பூ, ரவிக்கைத் துணி கொடுப்பார்கள். ஹாலில் பாய் விரித்து எங்கள் காம்பவுண்டுப் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நெய்யும் சாமந்தியும் ஈரப் புடவையும் கலந்த ஒரு வாசனை. சுவரோரம் கலசத்துக்கு வெள்ளி முகம் வைத்து, பச்சைப் பட்டு கட்டி, லட்சுமியை உட்கார வைத்திருந்தார் ஆன்ட்டி.

அம்மா பார்த்தது லட்சுமியை அல்ல. லட்சுமிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மணைப்பலகை. அதன்மேல் வெள்ளைத் துணி. துணிமேல் பித்தளைச் சொம்புகளில் சாய்த்து வைத்து, வரிசையாக என் விளையாட்டு அட்டைகள். நடுவில் மூன்று கண் ஓணான், வாயைப் பிளந்து நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு மெழுகுவத்தி. பக்கத்தில் ரோஜாப் பூ வேறு.

எல்லாம் சாம்பலாகிவிட்டன என்று அம்மா நம்பிக்கொண்டிருந்த அட்டைகள் அவை. எரிக்கச் சொன்னதே அவள்தான்.

அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஆன்ட்டி வீட்டுச் சிவப்புத் தரையில் எங்கெங்கே விரிசல் விட்டிருந்தது என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக அம்மா நிற்கட்டும். நர்ஸ் வேலை பார்த்தவள், நின்று பழக்கம். ஓணான் எப்படிப் பூஜைக்குப் போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சம்ப் மூடிமேல் சண்டை

லிங்கராஜபுரத்தில் எங்கள் காம்பவுண்டைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு என் தம்பி போன் செய்தான். "எல்லாத்தையும் எழுதின, சம்ப் மூடிய விட்டுட்டியே" என்றான். விடுவேனா? அதற்கென்று ஒரு வாரம் வைத்திருந்தேன்.

சம்ப் என்றால் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. அதன்மேல் ஒரு இரும்பு மூடி. காம்பவுண்டுக்கு நடுவில் அது ஒன்றுதான் சமமான இடம். மழை பெய்தால் சீக்கிரம் காயும், வெயில் அடித்தால் தொடையைச் சுட்டுவிடும். கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் நேரத்தில் யாராவது வந்து "எழுந்திரிங்க, எழுந்திரிங்க" என்று விரட்டுவார்கள். மற்ற நேரமெல்லாம் அது எங்கள் போர்க்களம்.

செல்போன் அப்பாக்களின் சட்டைப் பையில் மட்டும் இருந்த காலம் அது. மூலைக்கடையில் ஒரு மசாலா சிப்ஸ் வந்தது. சிப்ஸ் சுமார்தான். ஆனால் பாக்கெட்டுக்குள் ஒரு அட்டை இருக்கும். அதில் எங்கேயும் இல்லாத ஒரு ஜந்துவின் படம். படத்துக்குக் கீழே பலம் இவ்வளவு, வேகம் இவ்வளவு, நெருப்பு இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு என்று எண்கள். பின்பக்கம் அதன் குணத்தைப் பற்றி இங்கிலீஷில் இரண்டு வரி. கோபம் வந்தால் தூங்கிவிடும். நிலா இல்லாத நாளில் கண் தெரியாது. தன் வாலுக்குத் தானே பயப்படும்.

அட்டையில் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். தக்காளி மசாலா வாசனை அடிக்கும். காம்பவுண்டு நாய் ஒருமுறை என்னுடைய பறக்கும் மீனை நக்கி நக்கி அதன் ஒரு செதிலையே அழித்துவிட்டது. நாங்கள் அதற்கு அன்றோடு தண்ணீர் பலத்தில் ஐந்தைக் குறைத்துவிட்டோம்.

ஆட்டம் சுலபம். என் அட்டை என் கையில், உன் அட்டை உன் கையில். நான் "வேகம்" என்றால் இரண்டு பேரும் வேகத்தைச் சொல்ல வேண்டும். யாருடையது அதிகமோ அவர்களுக்கு இரண்டு அட்டையும். இது கம்பெனிக்காரன் சொன்ன ஆட்டம். எங்கள் காம்பவுண்டில் அதற்கு மேல் நிறைய சட்டம் இருந்தது.

அட்டையில் இருந்த இங்கிலீஷ் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. அதனால் நாங்களே பெயர் வைத்தோம். தலையில் மூன்றாவது கண்ணோடு நெருப்புக் கக்கும் ஜந்து, மூணு கண்ணு ஓணான். உரோமமெல்லாம் எரிகிற ஆட்டுக்குட்டி, தீப்பெட்டி. மலை மாதிரி உட்கார்ந்திருக்கும் ஒன்று, தூங்குமூஞ்சி. பலத்தில் அதை யாரும் அடிக்க முடியாது, வேகத்தில் அது எல்லோரிடமும் அடி வாங்கும்.

குணங்களையும் நாங்களே சேர்த்துக்கொண்டோம். தூங்குமூஞ்சி சனிக்கிழமை சண்டை போடாது என்று ஒரு சட்டம் கொண்டுவந்தாள் ரூபா, ஏனென்றால் அவள் அப்பா சனிக்கிழமை விரதம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த ஜந்துவுக்கும் பலம் கிடையாது என்று நான் ஒரு சட்டம் கொண்டுவந்தேன். அந்த நேரத்தில் நான் சர்ச் ஆராதனையில் உட்கார்ந்திருப்பேன், எனக்குத் தெரியாமல் யாரும் ஆடிவிடக் கூடாதே.

எதிர்வீட்டு கார்த்தி இதையெல்லாம் ஒப்புக்கொள்ள மாட்டான். "அட்டைல இன்னா போட்டுகீதோ அதான்" என்பான். அப்புறம் தோற்றுவிட்டு அழுவான்.

ரூபா சாவித்ரி ஆன்ட்டியின் ஒரே மகள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவள் கன்னடத்தில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன், சண்டை முற்றினால் இருவரும் ஹிந்திக்குப் போய்விடுவோம். அட்டைகள் எங்கள் இருவருக்கும் பொது. எது யார் பாக்கெட்டில் வந்தது என்பதே எங்களுக்கு மறந்துவிட்டிருந்தது.

என் மகளின் ஆல்பம்

இப்போது என் மகளும் இந்த மாதிரி அட்டைகள் சேர்க்கிறாள். வேறு ஜந்துகள், வேறு உலகம். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை, அதை வைக்க ஒரு ஆல்பம். ஆல்பத்தைத் தொட வேண்டுமென்றால் நான் கை கழுவிவிட்டு வர வேண்டுமாம். பெற்ற பிள்ளை சொல்கிறது, கழுவிவிட்டு வந்தேன்.

ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன். எந்த வாசனையும் இல்லை.

"அம்மா, யாராவது கார்டை ஸ்மெல் பண்ணுவாங்களா?" என்று கேட்டாள்.

"நாங்க பண்ணுவோம்" என்றேன்.

அவளிடம் ஒரு பறக்கும் பல்லி இருந்தது. இது ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யும் என்று கேட்டேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு அதன் எண்களை வாசித்துக் காட்டினாள். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அவளுக்கு ஒரு சம்ப் மூடி கிடைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

தகர டிரம்

எங்கள் சபைக்கு வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். ஒரு வாரம் மாலைக் கூட்டம். கெட்டவர் இல்லை. பாட்டு நன்றாகப் பாடுவார், பிள்ளைகளுக்குக் கை நிறைய ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ முன்வரிசைப் பையன் ஒருவனின் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டை எட்டிப் பார்த்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அவர் அதை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மைக்கில் வாசித்தார். "சக்தி தொண்ணூறு. பிள்ளைகளே, யாருடைய சக்தி இது? இந்த மிருகத்துக்கு இந்தச் சக்தியைக் கொடுத்தது யார்?"

சிப்ஸ் கம்பெனி என்று எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அம்மா பக்கத்தில் இருந்ததால் விழுங்கிவிட்டேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா எனக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தாள். வந்ததும் கேட்டாள். "உங்கிட்ட எவ்ளோ இருக்கு?"

"கொஞ்சம்தான்மா."

"கொஞ்சமோ நிறையவோ, சனிக்கிழமை எல்லாத்தையும் கொண்டாந்து போடணும். சபைக்குப் பின்னாடி டிரம் வெக்கிறாங்க. இன்னொரு வாட்டி அந்தப் பிசாசு மூஞ்சிங்கள பாத்தேன்னு வெச்சிக்கோ, அப்புறம் ரூபாவோட சேர்க்கையே கிடையாது. சுவத்துக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நீ."

என்னைப் பயமுறுத்தியது அந்தக் கடைசி வாக்கியம்தான். அடி எனக்குப் பழக்கம். ரூபா இல்லாத சாயங்காலம் எனக்குப் பழக்கமில்லை. அம்மா சொன்னால் செய்வாள் என்பதும் தெரியும்.

அம்மாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்குப் பொய் வராது. வராது என்றால் சுத்தமாக வராது. அப்பாவைத் தேடி யாராவது போன் செய்தால், அப்பா கையை ஆட்டி இல்லையென்று சொல்லச் சொல்லுவார். அம்மா ரிசீவரில், "இருக்காரு. பேச இஷ்டம் இல்லன்னு கை ஆட்டுறாரு" என்பாள். இதனால் அப்பா பல சிநேகிதர்களை இழந்தார்.

சனிக்கிழமை நான் பாதி அட்டைகளை டிரம்மில் போட்டேன். ஒன்றுக்கு இரண்டாக இருந்தவை, மூலை கிழிந்தவை. நெருப்பில் எண்ணெய் அட்டைகள் படபடவென்று பற்றிக்கொண்டன. காற்றில் மசாலா வாசனை வந்தது. தீப்பெட்டி எரிந்தபோது மட்டும் எனக்கு அழுகை வந்தது. அதனிடம் நெருப்பு எண்பத்தைந்து, அது எரிந்திருக்கக் கூடாது. நல்லவேளை, இன்னொரு தீப்பெட்டி பத்திரமாக இருந்தது. மீதி அட்டைகளையெல்லாம் முந்தின நாளே ரூபாவிடம் கொடுத்துவிட்டிருந்தேன்.

ஆன்ட்டியின் தனித் தட்டு

அந்த வாரக் கூட்டத்தில் பிரசங்கியார் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார். பிறமதப் பண்டிகை வீடுகளுக்குப் போகக் கூடாது, அங்கே கொடுப்பதை வாங்கக் கூடாது. அட்டை விஷயத்தில் உடனே தலையாட்டிய அம்மா இதில் தலையாட்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

காரணம் உண்டு. அம்மாவுக்குக் காலை ஷிப்ட். விடியுமுன் நர்ஸிங் ஹோமுக்குக் கிளம்பிவிடுவாள். நான் ஸ்கூலில் சேர்ந்த நாளிலிருந்து எனக்குத் தலை பின்னிவிட்டது ஆன்ட்டிதான். சுவரோரம் என்னையும் ரூபாவையும் முன்னும் பின்னும் உட்கார வைத்து, ஒரே எண்ணெய், ஒரே சீப்பு. ஒரு நாள் கூட அம்மா அதைக் கேட்டதில்லை. ஒரு நாள் கூட ஆன்ட்டி அதைப் பற்றிப் பேசியதுமில்லை.

இரண்டு பேருக்கும் நடுவில் எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது. வரமகாலட்சுமி ஹப்பாவுக்கு அம்மாவை ஆன்ட்டி கூப்பிடுவார். எல்லோருக்கும் பூஜையில் வைத்த தட்டு. அம்மாவுக்கு மட்டும் சமையலறையிலிருந்து ஒரு தனித் தட்டு வரும். சாமி முன்னால் வைக்காத பழம், பூ, ரவிக்கைத் துணி. குங்குமம் இருக்காது. "உங்களுக்கு இது ஆகாது, எனக்கு கொத்து" என்பார் ஆன்ட்டி. தெரியும் என்று அர்த்தம். அம்மாவும் சும்மா இருக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முட்டை போடாத கேக் ஒன்று தனியாகச் செய்து, தனி டப்பாவில் போட்டு, முதலில் அந்த வீட்டுக்கு அனுப்புவாள். எங்கள் வீட்டுக் கேக் பேக் ஆவது அதற்கப்புறம்தான்.

புது வருஷத்தில் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். ஒரு வசனமும் ஒரு படமும் போட்ட சின்ன அட்டை, அந்த வருஷம் முழுக்க வீட்டில் வைத்துக்கொள்வோம். ஒருமுறை ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தபோது அம்மா அவருக்கும் ஒன்று கொடுத்தாள். ஆட்டுக்குட்டி படம் போட்டது. ஆன்ட்டி அதைப் பூஜை அலமாரியிலேயே வைத்துவிட்டார்.

அந்த வருஷம் ஹப்பா நெருங்க நெருங்க அம்மா தவித்தாள். போகாவிட்டால் ஆன்ட்டி முகத்தில் எப்படி முழிப்பது. போனால் சபையில் என்ன சொல்வது. கடைசியில் அப்பாவிடம் கேட்டாள். அப்பா பேப்பரை மடிக்காமலேயே, "எங்கிட்ட கேட்டா நான் போவேன், அங்க பாசிப்பருப்பும் வெள்ளரிக்காயும் போட்ட கோசம்பரி நல்லா இருக்கும்" என்றார்.

"வாசல்லயே நின்னு பூவ வாங்கிட்டு வந்துடறேன்" என்றாள் அம்மா, யாரிடமென்றில்லாமல்.

ரூபா சொன்ன பதில்

இதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது எனக்குத் தெரியாது. ரூபாவே பிறகு சொன்னதுதான்.

அட்டைகளை எங்கே ஒளிப்பது என்று அவள் ரொம்ப யோசித்திருக்கிறாள். அவள் அப்பா கையில் கிடைத்தால் குப்பைக்குப் போகும். புத்தகப் பையில் வைத்தால் கார்த்தி திருடுவான். யாரும் குடையாத ஒரே இடம் பூஜை அலமாரியின் டிராயர். கற்பூர டப்பாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். மூளைக்காரி.

ஹப்பாவுக்கு முந்தின நாள் டிராயர் உட்பட எல்லாவற்றையும் கழுவித் துடைப்பார்கள் என்பதை மட்டும் மறந்துவிட்டாள்.

ஆன்ட்டி அட்டைகளை எடுத்து வந்து, "ஏ ரூபா, ஏனே இது?" என்று கேட்டார். இவள் பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "ஜாஸ்மினோட சர்ச்சுது மா. அவங்க அம்மா குடுத்தது."

நான்தான் ஜாஸ்மின்.

ஆன்ட்டிக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. சம்ப் மூடிமேல் நாங்கள் ஏதோ ஆடுவதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாரே தவிர, அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். முதல் அட்டையில் ஆட்டுக்குட்டி, உடம்பைச் சுற்றி ஜோதி. அலமாரியில் ஏற்கெனவே அம்மா கொடுத்த ஆட்டுக்குட்டி இருக்கிறது. இரண்டாவதில் ரெக்கை வைத்த மீன். மூன்றாவதில் வெள்ளைப் பறவை. நான்காவது ஓணான். ஒரு கல்யாணத்துக்கு அம்மாவோடு போனபோது சர்ச் ஜன்னல் கண்ணாடியில் குதிரைமேல் ஒரு புனிதரையும், அவர் காலடியில் இதே மாதிரி ஒரு ஜந்துவையும் ஆன்ட்டி பார்த்திருந்தார். சந்தேகமே வரவில்லை அவருக்கு. எங்கள் சாமிகளை ரூபா இருட்டு டிராயரில் போட்டுவிட்டாளே என்றுதான் துடித்துப்போனார்.

இடது கால்

சரி, அம்மாவை ரொம்ப நேரம் நிற்க வைத்துவிட்டேன்.

"பன்ரி ஜாஸ்மின் அம்மா, உள்ள வாங்க. ஏன் வாசல்லயே?" என்று ஆன்ட்டி எழுந்து வந்தார். அம்மாவின் பார்வை போன இடத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, உங்க தேவரு. டிராயர்ல இருந்தது. எனக்கு மனசுக்கு பேஜார் ஆயிடுச்சு. நம்ம லட்சுமிக்கு மட்டும் இவ்ளோ ஹூவு, இவ்ளோ பூ, உங்க தேவருக்கு ஒண்ணும் இல்லயான்னு. குங்குமம் வைக்கல, சேர்த்தும் வைக்கல. தனியாதான் வச்சிருக்கேன். உங்க சர்ச்ல கேண்டல் தானே ஏத்துவாங்க, அதான்."

மூலையில் ரூபா தன் பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்ததும் எனக்கு நடந்தது முழுக்கப் புரிந்துவிட்டது. முடிந்தது கதை என்று நினைத்தேன். அம்மா இப்போது இது பிசாசு என்பாள். ஆன்ட்டி முகம் செத்துப்போகும். அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். யார் எனக்குத் தலை பின்னுவார்கள் என்று கூட யோசித்தேன், அவ்வளவு அற்பமாக.

அந்த நேரம் பார்த்து கார்த்தியின் அம்மா வசந்தா அக்கா வாயைத் திறந்தார். நல்ல மனுஷிதான், ஆனால் ஒரு விஷயம் தொண்டைக்கு வந்தால் உள்ளே தங்காது.

"சாவித்ரிக்கா, இது இன்னா சாமி?" என்று கழுத்தை நீட்டி மணைப்பலகையைப் பார்த்தார். "இந்த மூஞ்ச நான் எங்கியோ பாத்துகீறேனே. நம்ம கார்த்தி டவுசர் பாக்கெட்ல இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு, துவைக்கும்போது. சிப்ஸ் பாக்கெட்டுக்குள்ள வர்து இல்ல இது?"

பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். யாரோ க்ளுக்கென்று சிரித்தார்கள். ஆன்ட்டியின் சிரிப்பு அப்படியே உதட்டில் நின்றுவிட்டது. அவர் அட்டைகளைப் பார்த்தார், ரூபாவைப் பார்த்தார், மெழுகுவத்தியைப் பார்த்தார். அணைப்பதற்கோ என்னவோ கை அந்தப் பக்கம் போனது. அத்தனை பெண்களுக்கு நடுவில் பட்டுப்புடவை கட்டி அவர் தனியாக நின்றார்.

அம்மா இடது காலையும் உள்ளே வைத்தாள்.

"எங்க வீட்டுதுதான் வசந்தா" என்றாள். "நான்தான் குடுத்தனுப்பினேன்."

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். இது என் அம்மாதானா என்று இருந்தது.

"இல்லக்கா, நம்ம கார்த்தி..."

"சிப்ஸ் பாக்கெட்ல ஆயிரம் வரும். இது எங்க வீட்டுது. சாவித்ரி அக்கா பத்திரமா வெச்சிக்கணும்னு நான்தான் குடுத்தேன். நீ கோசம்பரிய சாப்புடு, தண்ணி விட்டுக்கும்."

நர்ஸிங் ஹோமில் அழுகிற நோயாளிக்கு ஊசி போடும்போது அவள் பேசுகிற குரல் அது. வசந்தா அக்கா கோசம்பரியைச் சாப்பிட்டார். மற்றவர்களும் திரும்பிக்கொண்டார்கள்.

அம்மா வாசலில் நிற்கவில்லை. போய்ப் பாயில், மணைப்பலகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "நல்லா வெச்சிருக்கீங்கக்கா" என்றாள். ஆன்ட்டி உள்ளே போய்த் தனித் தட்டை எடுத்து வந்தார். ஆன்ட்டிக்கு எல்லாம் புரிந்துவிட்டதா, இல்லை அம்மா சொன்னதை நம்பிவிட்டாரா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. ரூபாவுக்கும் தெரியாது. நாங்கள் கேட்டதில்லை.

கிளம்பும்போது ஆன்ட்டி, "இத எடுத்துக்கிட்டுப் போறீங்களா?" என்று அட்டைகளைக் காட்டினார்.

அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "வேணாங்கக்கா. உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவ்வளவுதான், என் அட்டைகள் போயின. நெருப்பிலிருந்து தப்பி, கடைசியில் சாமியாகிவிட்டன. சாமியானதைப் போய் ஆடக் கொடுங்கள் என்று யார் கேட்பது? அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் நானும் ரூபாவும் அட்டைகள் போய்ச் சேர்ந்த பூஜை அலமாரி முன்னால் நின்று, "வேகம் எஷ்டு, எவ்ளோ?" என்று கிசுகிசுத்துக்கொள்வோம். எங்களுக்கு எண்களெல்லாம் மனப்பாடம். கை படாமல் ஆடக் கற்றுக்கொண்டோம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நான் சமையலறையில் போய் நின்றுகொண்டேன். பிரம்பு அங்கேதான் இருக்கும். தேடி வருகிற சிரமத்தை அம்மாவுக்குக் கொடுக்க வேண்டாமென்று நினைத்தேன். அம்மா வரவில்லை. ரவிக்கைத் துணியையும் பழத்தையும் மேசைமேல் வைத்துவிட்டு, புடவையைக் கூட மாற்றாமல், படுக்கையறைக்குள் போய்க் கட்டிலோரம் முட்டி போட்டாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. நான் கதவுக்குப் பின்னால் வந்து நின்றேன்.

அம்மா எப்போதும் ஜெபம் செய்யும்போது பெரிய வார்த்தைகளாகத்தான் பேசுவாள். அன்றைக்கு அப்படிப் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

"ஆண்டவரே, நான் இன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். எல்லார் எதிர்லயும் சொன்னேன். உமக்குத் தெரியாதது இல்ல. என்ன மன்னியும்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "ஆனா நாளைக்கே யாராவது வந்து அந்தம்மா எதிர்ல கேட்டாங்கன்னா, நான் மறுபடியும் அதையேதான் சொல்லுவேன். அதுக்கும் சேர்த்து இப்பவே மன்னிச்சிடும். ஆமென்."

"ஆமென்" என்றேன் நானும், என்னையறியாமல், கொஞ்சம் சத்தமாகவே.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. திரும்பவுமில்லை.

"உள்ள வந்து முட்டி போடு" என்றாள்.